கைமாறிக்கொண்டே இருக்கும் மெட்டு: ஷாக்கிங் ப்ளூவின் கதை

1988 நவம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலிருந்து ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்று வெளிவந்தது. ஆயிரம் பிரதிகளுக்குக் கையாலேயே எண் போட்டிருந்தார்கள். வெளியிட்டது சப் பாப் என்ற சின்ன நிறுவனம். வாசித்தது, அந்த வட்டாரத்துக்கு வெளியே யாரும் கேள்விப்பட்டிராத நிர்வாணா. அதுதான் அவர்களுடைய முதல் இசைத்தட்டு. ஆனால் மூன்று வருடத்தில் உலகத்தையே கலக்கப்போகிற அந்தக் குழுவின் சொந்தப் பாட்டு அதன் முதல் பக்கத்தில் இல்லை, பின்பக்கத்துக்குப் போய்விட்டது. முதல் பக்கத்தில் இருந்த பாட்டு ‘லவ் பஸ்’. அதை எழுதியவர் நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்துக்காரரான ராபி வான் லேவன்.

அவர் நடத்திய குழுவின் பெயர் ஷாக்கிங் ப்ளூ. பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. ‘வீனஸ்’ பாட்டின் ‘ஷீஸ் காட் இட்’ என்ற மூன்று சொல்லை மட்டும் முணுமுணுத்துக் காட்டுங்கள், “அட, இதுவா!” என்பார்கள். அதிலும் பாதிப் பேர் அது பனானராமா என்ற பிரிட்டிஷ் பெண்கள் குழுவின் பாட்டு என்று சாதிப்பார்கள்.

ஷாக்கிங் ப்ளூ 1967இல் தொடங்கி 1974இல் கலைந்துபோன குழு. பீட்டில்ஸைப் பற்றிச் சொல்வதுபோல ‘இவர்களைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறையே கிடாரைக் கையில் எடுத்தது’ என்றெல்லாம் இவர்களைப் பற்றிச் சொல்ல முடியாது. இவர்களுடைய செல்வாக்கு வேறு ரகம். பாட்டுகள் குழுவைவிட்டுக் கழன்று தனியே ஊர் சுற்றக் கிளம்பிவிட்டன. போன இடத்தில் எல்லாம் வேறு பெயர், வேறு குரல், வேறு உடை. ஏன் இப்படிக் கழன்றன என்று பார்த்தால், அவற்றைக் கட்டிய விதத்திலேயே அதற்கான வழி இருந்தது தெரிகிறது.

தி ஹேக் என்றால் நமக்குச் சர்வதேச நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். டச்சுக்காரர்களுக்கு அது ராக் இசையின் தலைநகரமும்கூட. 1960களில் அந்த ஊரை ‘நெதர்லாந்தின் லிவர்பூல்’ என்றே சொன்னார்கள். கோல்டன் இயரிங், கியூ65, தி மோஷன்ஸ் என்று குழுக்கள் வரிசையாகக் கிளம்பின. இதற்கு முன்கதை ஒன்று இருக்கிறது. 1949இல் நெதர்லாந்து இந்தோனேசியாவின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டதற்கு முன்னும் பின்னுமாக, டச்சு வழியும் இந்தோனேசிய வழியும் கலந்த குடும்பங்கள் லட்சக்கணக்கில் நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்தன. தி ஹேக் அவர்களுக்குப் பெரிய புகலிடம். வந்தவர்களின் பிள்ளைகள் மின்கிடாரைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார்கள். அந்த இசைக்கு ‘இந்தோ ராக்’ என்று பெயர். டீல்மன் பிரதர்ஸ் என்ற சகோதரர்கள் 1958 பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் வாசித்துப் பெயர் வாங்கினார்கள். கிடாரைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசிக்கும் வித்தையெல்லாம், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பெயர் வெளியே தெரிவதற்கு முன்பே ஆண்டி டீல்மன் செய்துகாட்டியவை.

வான் லேவன் 1944இல் தி ஹேக்கில் பிறந்தவர். முதலில் தி மோஷன்ஸில் கிடார் வாசித்தார், பாட்டும் எழுதினார். 1967இல் அங்கிருந்து விலகி ஷாக்கிங் ப்ளூவைத் தொடங்கினார். பேஸ் கிடாருக்குக் கிளாஸ்யே வான் டெர் வால், டிரம்ஸுக்குக் கோர் வான் டெர் பேக், பாடுவதற்கு ஃபிரெட் டி வில்டே. 1968இல் ஒரு பாட்டு ஓரளவு ஓடியது. அதோடு டி வில்டே ராணுவ சேவைக்குப் போகவேண்டி வந்தது.

அப்போதுதான் ஒரு விருந்து. கோல்டன் இயரிங் குழுவின் பாட்டு ஒன்று முதல்முறையாக நெதர்லாந்தில் முதலிடம் பிடித்ததைக் கொண்டாடினார்கள். (பாட்டின் பெயர் ‘டாங்-டாங்-டி-கி-டி-கி-டாங்’. நான் கிண்டல் செய்யவில்லை.) அங்கே பம்பிள் பீஸ் என்ற சின்னக் குழுவோடு ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தார். ஷாக்கிங் ப்ளூவின் மேலாளரும் பாட்டுப் பதிப்பாளரும் அதைக் கேட்டார்கள். மரிஸ்கா வெரெஸ் குழுவுக்கு வந்தது இப்படித்தான். அப்பா லாயோஷ் வெரெஸ், ஹங்கேரிய ரோமா மரபில் வந்த வயலின் கலைஞர். மரிஸ்காவின் குரல் கணீரென்று இருக்கும், அதே சமயம் கொஞ்சம் தள்ளி நின்று பாடுவது போலவும் இருக்கும். கொஞ்சலோ குழைவோ கிடையாது. ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் கிரேஸ் ஸ்லிக்கோடு அவரை அடிக்கடி ஒப்பிட்டார்கள். நீண்ட கருங்கூந்தலும் கனத்த கண்மையும் அவருடைய அடையாளம். அந்தக் கூந்தல் பெரும்பாலும் விக்தான். சைக்கடெலிக் ராக், அதாவது போதை மயக்கத்தின் அனுபவத்தை ஒலியில் கொண்டுவரப் பார்த்த ராக் இசை என்றாலே எல்எஸ்டி என்ற போதைமருந்தும் கஞ்சாப் புகையும் என்று எல்லாரும் நினைத்த காலத்தில், மது, சிகரெட், போதை எதையும் தொடாத பாடகி அவர்.

‘வீனஸ்’ 1969இல் வந்தது. எடுத்த எடுப்பில் ஒற்றைக் கிடாரில் ஒரு கார்டை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கட்டு) படபடவென்று அடிக்கும் சத்தம். ஒரு கதவைத் தட்டுவதுபோல இருக்கும். அதைக் கேட்டதும் ராக் ரசிகர்களுக்கு அதே வருடம் தி ஹூ குழு வெளியிட்ட ‘பின்பால் விஸார்ட்’ ஞாபகம் வரும். இரண்டும் ஒரே சாயல். அப்புறம் பேஸ், டிரம்ஸ், எலெக்ட்ரிக் பியானோ எல்லாம் சேர்ந்துகொள்ள, மரிஸ்கா மலையுச்சியில் நிற்கும் தேவதையைப் பாடத் தொடங்குகிறார்.

மெட்டுக்கும் ஒரு முன்பிறவி உண்டு. 1848இல் ஸ்டீஃபன் ஃபாஸ்டர் எழுதிய ‘ஓ! சூசானா’ அமெரிக்கக் குழந்தைகள் எல்லாரும் பாடுகிற பாட்டு. 1963இல் தி பிக் 3 என்ற நாட்டார் இசைக்குழு அதன் சொற்களை எடுத்து, டிம் ரோஸ் அமைத்த முற்றிலும் வேறு மெட்டில் ‘தி பாஞ்சோ சாங்’ என்று பாடியது. ‘வீனஸ்’ தெரிந்த ஒருவர் அதை முதன்முதலில் கேட்டால் தூக்கிவாரிப்போடும். அந்த மெட்டு கிட்டத்தட்ட அப்படியே ‘வீனஸ்’ சரணத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதைத் திருட்டு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. மெட்டு பழையதாக இருந்தாலும் அதன் நடை வான் லேவனுடையது. நாட்டார் பாட்டுத் துணுக்கு ஒன்றை எடுத்து, நடுவில் எல்லாரும் கத்திப் பாடக்கூடிய ஒரு பல்லவியைச் செருகி, முன்னால் அந்தக் கதவு தட்டும் சத்தத்தை வைத்தார். அதன் பிறகு பாட்டை எவர் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று ஆகிவிட்டது.

சொற்களும் அதற்கு ஏற்றபடி இருந்தன. வான் லேவனுக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அதனால் பாட்டில் உள்ளூர் நக்கல் இல்லை, கொச்சை இல்லை, எந்த ஊரையும் தெருவையும் பற்றிய குறிப்பு இல்லை. எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள். அதிலும் ஒரு சறுக்கல் நடந்தது. ‘காடஸ்’ (பெண் தெய்வம்) என்று எழுதவேண்டிய இடத்தில் தாளில் ‘காட்னஸ்’ என்று தவறாக விழுந்துவிட்டது. மரிஸ்கா எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே பாடிவிட்டார். அந்தப் பிழையோடுதான் பாட்டு உலகம் சுற்றியது.

பிலடெல்பியாவைச் சேர்ந்த தயாரிப்பாளர் ஜெர்ரி ராஸ் தன்னுடைய கொலோசஸ் நிறுவனம் மூலமாக அதை அமெரிக்காவில் வெளியிட்டார். 1970 பிப்ரவரி 7 தேதியிட்ட பில்போர்டு பட்டியலில், அதாவது அமெரிக்கப் பாட்டுகளின் வாராந்திரத் தரவரிசையில் முதலிடம். ஒரு டச்சுக் குழு அமெரிக்காவில் முதலிடத்தைத் தொட்டது அதுவே முதல்முறை. சொந்த நாட்டில் அந்தப் பாட்டு மூன்றாம் இடத்தோடு நின்றுவிட்டது என்பது வேறு விஷயம். ராஸ் அதே சூட்டில் டீ செட், ஜார்ஜ் பேக்கர் செலக்‌ஷன் என்று இன்னும் இரண்டு டச்சுக் குழுக்களையும் கொண்டுபோனார். பேக்கர் குழுவின் ‘லிட்டில் கிரீன் பேக்’ 1992இல் குவென்டின் டாரன்டினோவின் ‘ரிசர்வாயர் டாக்ஸ்’ படத்தின் தொடக்கத்தில் ஒலித்தபோது மறுபடியும் பிறந்தது.

ஷாக்கிங் ப்ளூ அமெரிக்காவில் நிலைக்கவில்லை. அடுத்து வந்த ‘மைட்டி ஜோ’ நெதர்லாந்தில் முதலிடம் பிடித்தது, அமெரிக்காவில் முதல் 40க்குள்கூட வரவில்லை. 1973இல் வான் லேவன் ஒதுங்கிக்கொண்டார், அடுத்த வருடம் குழு கலைந்தது. பெரும்பாலான குழுக்களின் கதை இங்கே முடிந்துவிடும்.

இவர்களுக்கோ இதன் பிறகுதான் விசித்திரம். 1979இல் வில்லம் வான் கூட்டன் என்ற டச்சுப் பதிப்பாளர் ஓர் இசைத்தட்டுக் கடையில் நிற்கிறார். ரேடியோ வெரோனிகா என்ற கடல்மேல் கப்பலிலிருந்து ஒலித்த வானொலியில் ஒரு காலத்தில் பிரபல அறிவிப்பாளராக இருந்தவர். கடையில் ஏதோ ஒரு டிஸ்கோ தட்டு ஓடுகிறது. பல பாட்டுகளின் துண்டுகளை வெட்டி ஒட்டிய மெட்லி. அதில் ‘வீனஸ்’ துண்டும் வருகிறது. அந்தப் பாட்டின் பதிப்புரிமை அவரிடம்தான் இருந்தது. யாருக்கும் அவர் அனுமதி கொடுத்த நினைவு இல்லை. தட்டு உரிமம் இல்லாமல் செய்யப்பட்டது என்று தெரிந்தது. வேறொருவராக இருந்தால் வழக்குப் போட்டிருப்பார். இவர், ‘சரி, இதை நாமே ஒழுங்காகச் செய்தால் என்ன?’ என்று யோசித்தார். கோல்டன் இயரிங்கில் முன்பு டிரம்ஸ் வாசித்த யாப் எகர்மாண்டைத் தயாரிப்பாளராகப் போட்டு, பாடகர்களை வைத்து எல்லாவற்றையும் புதிதாகப் பாடவைத்தார்கள். ‘ஸ்டார்ஸ் ஆன் 45’ என்ற அந்த மெட்லி 1981 ஜூனில் அமெரிக்காவில் முதலிடம். ‘வீனஸ்’ஸின் அந்தக் கிடார்தான் அதற்கும் தொடக்கம். உரிமைப் பிரச்சினை வரக்கூடாது என்று உள்ளே இருந்த பாட்டுகளின் பெயர்களை எல்லாம் தலைப்பிலேயே அடுக்கியதால், முதலிடம் பிடித்த பாட்டுகளில் மிக நீளமான தலைப்பு அதற்குக் கிடைத்தது. மொத்தம் 41 சொற்கள்.

ஐந்து வருடம் கழித்துப் பனானராமா. மேடையில் ஏற்கெனவே பாடிவந்த பாட்டு அது. அதை நடனப் பாட்டாக ஆக்கவேண்டும் என்று ஸ்டாக், ஐட்கன், வாட்டர்மன் என்ற தயாரிப்பாளர் மூவரிடம் போனார்கள். அந்த மூவருக்கு ஆரம்பத்தில் இதில் நம்பிக்கையே இல்லை. கடைசியில் கணினித் தாளத்தை அடியில் போட்டு முடித்தார்கள். 1986 செப்டம்பரில் அமெரிக்காவில் மறுபடியும் முதலிடம். ஆக ஒரே பாட்டு, மூன்று உருவத்தில், 1970, 1981, 1986 என்று மூன்று முறை அமெரிக்காவின் உச்சியைத் தொட்டிருக்கிறது.

இங்கே பணம் எப்படிப் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. எழுதப்பட்ட பாட்டு ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. மற்றொருவர் அதைப் புதிதாகப் பாடி வெளியிட்டால், பாட்டை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பங்கு போகும். முதலில் பாடியவருக்கு ஒரு காசு கிடையாது. ‘ஸ்டார்ஸ் ஆன் 45’ விற்றபோதும் பனானராமா விற்றபோதும் சம்பாதித்தது வான் லேவனின் பேனா. உலகத்துக்கு அந்தப் பாட்டின் முகமாக இருந்த மரிஸ்காவுக்கு அதிலிருந்து எதுவும் வந்திருக்க முடியாது. தனியாக அவர் வெளியிட்ட தட்டுகளும் பெரிதாக எடுபடவில்லை. 1990களில் வான் லேவனின் சம்மதத்தோடு பழைய குழுப்பெயரில் மறுபடியும் பாடத் தொடங்கினார். அந்தக் காலத்தில் தான் வெறும் சாயம் பூசிய பொம்மையாக இருந்ததாகவும் யாராலும் தன்னை நெருங்க முடியவில்லை என்றும் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். 2006 டிசம்பர் 2 அன்று புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 59.

பணமே கைமாறாமல் பாட்டு பரவிய இடமும் உண்டு. சோவியத் ஒன்றியத்தில் மேற்கத்திய ராக் தட்டுகள் எளிதில் கிடைக்காது. கிடைத்த ஒன்றை நாடாவில் பதிந்து, அதிலிருந்து இன்னொன்றைப் பதிந்து என்று கைக்குக் கை போனது. ‘ஷீஸ் காட் இட்’ என்பது அங்கே காதில் ‘ஷிஸ்காரா’ என்று விழுந்தது. பாட்டுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் ரஷ்யாவில் ஒரு குறிப்பிட்ட வயதுக்காரரிடம் ‘வீனஸ்’ என்றால் யோசிப்பார், ‘ஷிஸ்காரா’ என்றால் சிரிப்பார். ஆங்கிலப் பாட்டைக் காதில் விழுந்தபடி பாடி வளர்ந்த யாருக்கும் இது புரியும்.

‘வீனஸ்’ஸை வைத்து மட்டும் பார்த்தால் இவர்களை ஒரு பாப் குழு என்றுதான் சொல்லத் தோன்றும். சைக்கடெலிக் என்ற அடைமொழி பொருந்துமா என்று ரசிகர்கள் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். பதில் ‘அட் ஹோம்’ என்ற 1969 ஆல்பத்தில் இருக்கிறது. அதில் ‘ஆக்கா ராகா’ என்று குரல் இல்லாத ஓர் உருப்படி. வான் லேவன் கிடாரை வைத்துவிட்டுச் சித்தாரை எடுக்கிறார். சித்தார் ஒன்றும் அப்போது புதிதில்லை. 1965 டிசம்பரில் பீட்டில்ஸ் ஒரு பாட்டில் அதைச் சேர்த்ததிலிருந்து ஐரோப்பாவில் யாரைப் பார்த்தாலும் சித்தார். பெரும்பாலானவர்களுக்கு அது ஊதுபத்தி மாதிரி, வாசனைக்கு மட்டும். ஆனால் இந்த உருப்படி வந்த வழி சுவாரசியமானது. இதை எழுதியவர் ஜான் மேயர். கொல்கத்தாவில் பிறந்து, பம்பாயில் மெஹ்லி மேத்தாவிடம் வயலின் படித்து, லண்டன் போய்ச் சேர்ந்தவர். ஜமைக்காவில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹேரியட்டோடு சேர்ந்து ஐந்து இந்திய வாத்தியக்காரர்களையும் ஐந்து ஜாஸ் வாத்தியக்காரர்களையும் ஒரே மேடையில் உட்காரவைத்தார். அந்த ‘இந்தோ ஜாஸ்’ முயற்சியில் பிறந்ததுதான் ‘ஆக்கா ராகா’. பிபிசியின் ஒரு வினாடி வினா நிகழ்ச்சிக்கு முகப்பு இசையாகவும் இருந்தது. கொல்கத்தாக்காரர் லண்டனில் ஜாஸுக்காக எழுதியது, தி ஹேக்கில் ஒரு ராக் குழுவின் கைக்கு வந்திருக்கிறது. பிறர் இவர்களிடமிருந்து எடுப்பதற்கு முன்பே இவர்கள் பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதே ஆல்பத்தில்தான் ‘லவ் பஸ்’ இருக்கிறது. இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்து ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். ஷாக்கிங் ப்ளூ வடிவத்தில் முதுகெலும்பு பேஸ் கிடார்தான். பாம்புபோல நெளிந்து ஏறி இறங்கும் ஒரு சின்னத் துணுக்கு. கார்டு மாறாது, இடம் மாறாது, அதே துணுக்குத் திரும்பத் திரும்பச் சுற்றும். நம் கச்சேரியில் தம்புரா செய்கிற வேலையை இங்கே ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் இந்தத் துணுக்கு) செய்கிறது, அதுவும் நடந்துகொண்டே. அதற்கு மேல் மரிஸ்கா அலட்டிக்கொள்ளாமல் பாடுகிறார். நடுவில் சித்தார் வந்து கொஞ்சம் அலைந்துவிட்டுப் போகிறது.

நிர்வாணாவில் இந்தப் பாட்டைக் கண்டெடுத்தவர் பேஸ் கிடார்காரர் கிறிஸ்ட் நோவோசெலிக். அது நடக்கவேண்டியபடிதான் நடந்திருக்கிறது. பாட்டின் உயிரே பேஸில் இருக்கும்போது வேறு யார் கண்ணில் படும்? 1988இல் சியாட்டிலின் ரெசிப்ரோகல் ஸ்டுடியோவில் ஜாக் எண்டினோ பதிவு செய்தார், டிரம்ஸ் சாட் சானிங். நோவோசெலிக் அந்தத் துணுக்கை மாற்றாமல் எடுத்துக்கொண்டு இன்னும் கனமாக, இன்னும் அழுக்காக வாசிக்கிறார். குழுவின் பாடகரும் கிடார்காரருமான கர்ட் கோபேன் இரண்டு சரணங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதையே திரும்பப் பாடுகிறார். ஒரே துணுக்கு சுற்றிக்கொண்டிருக்கும் பாட்டில் சரணத்தைத் தூக்கினாலும் எதுவும் இடிந்து விழவில்லை. முதல் தட்டிலேயே இன்னொருவர் பாட்டைப் போடுவதில் கோபேனுக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. சப் பாப் தரப்பில் அதைத்தான் கேட்டார்கள். ‘லவ் பஸ்’ அடுத்த வருடம் ‘பிளீச்’ ஆல்பத்திலும் இடம்பிடித்தது. அந்த ஆல்பத்தைப் பதிவு செய்ய ஆன செலவு 606 டாலர் சொச்சம். பின்னால் அமெரிக்காவில் மட்டும் அது 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. தி ஹேக் எங்கே இருக்கிறது என்று தெரியாத பிள்ளைகளின் அலமாரிகளுக்கு எல்லாம் வான் லேவனின் ஒரு பாட்டு போய்ச் சேர்ந்தது. 2004இல் தி பிராடிஜி என்ற பிரிட்டிஷ் மின்னிசைக் குழு ‘ஃபீனிக்ஸ்’ என்ற உருப்படியில் ‘லவ் பஸ்’ஸை வெட்டி ஒட்டியது.

மேடையில் இந்தப் பாட்டுதான் நிர்வாணா கட்டு மீறும் இடம். 1991 அக்டோபர் 19 அன்று டல்லஸ் நகரத்தின் ட்ரீஸ் என்ற கிளப்பில் ‘லவ் பஸ்’ நடுவில் கோபேன் கிடாரோடு கூட்டத்துக்குள் பாய்ந்தார். கிளப்பின் காவலாள் அவரைப் பிடித்து இழுக்க, இவர் கிடாரால் அவர் தலையில் அடிக்க, கைகலப்பாகிவிட்டது. அந்த வீடியோ இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வீடியோவை விடுங்கள், தட்டுக்கு வருவோம். ஷாக்கிங் ப்ளூ பதிவில் சித்தார் நுழைகிற அந்த இடத்துக்கு நிர்வாணா பதிவு வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கோபேனிடம் சித்தார் இல்லை. ஆம்ப்ளிஃபயர் கத்துகிறது, கிடார் கம்பி கீச்சிடுகிறது, ஒலி எங்கெங்கோ சிதறிப் போகிறது. அடியில் நோவோசெலிக்கின் பேஸ் அந்த டச்சுக்காரரின் துணுக்கை விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.